தங்கக் கரை

"சிஸ்டர், எனக்குத் தண்ணி வர மாட்டேங்குது."

சிஸ்டர் அமலோற்பவம் வான்கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"குழாய்னா தோட்டக்காரர்கிட்ட சொல்லு."

"அந்தத் தண்ணி இல்ல சிஸ்டர். கம்ப்யூட்டர்ல வர்ற தண்ணி."

சிஸ்டர் இப்போது நிமிர்ந்தார்.

அந்தக் கான்வென்ட் குன்றின்மேல் இருந்தது. கீழே ஊர். ஊரில் எது ஓடாமல் நின்றாலும் அதை யாராவது தூக்கிக்கொண்டு படியேறி வருவார்கள். மிக்ஸி வரும், தையல் மிஷின் வரும், ஒருமுறை பஞ்சாயத்து மைக் செட்டே வந்தது.

சிஸ்டர் எதையும் தொட மாட்டார். இரண்டு கைகளையும் அங்கியின் கைக்குள் நுழைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். கொண்டுவந்தவரேதான் கழற்ற வேண்டும். கொண்டுவந்தவரேதான் மாட்ட வேண்டும்.

"அப்போ நீங்க எதுக்கு சிஸ்டர்?" என்று ஒரு தையல்காரர் கோபமாகக் கேட்டார்.

"உங்களுக்குத் துணைக்கு."

தையல்காரர் முனகிக்கொண்டே திருப்புளியை எடுத்தார். அந்த மிஷின் இன்றைக்கும் ஓடுகிறது.

இப்போது வந்திருப்பவள் ஹம்சவேணி. இடுப்பில் இரண்டு வயது மகள் நிலானி. சிஸ்டரும் ஹம்சவேணியும் இதே கான்வென்டில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஹம்சவேணி நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அமலோற்பவம் பெஞ்சின் ஆணியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி சிஸ்டர் ஆகிவிட்டாள். ஒருத்தி அம்மா ஆகிவிட்டாள். பிறர் முன்னால் நீங்க, வாங்க. யாரும் இல்லாவிட்டால் அது எப்படி வேண்டுமானாலும் மாறும்.

"உட்காரு. என்ன தண்ணி?"

"ஒரு பித்தளைச் சொம்புல இருந்து தண்ணி கீழ ஊத்தணும் சிஸ்டர். பத்து விநாடி. நிஜத் தண்ணி மாதிரியே இருக்கணும். அதைக் கம்ப்யூட்டர்லயே செஞ்சு அனுப்பணும். அதுதான் டெஸ்ட்."

"யாருக்கு டெஸ்ட்?"

"எனக்குத்தான். சென்னையில ஒரு அனிமேஷன் கம்பெனி. தண்ணி நல்லா ஊத்துச்சுன்னா வீட்டுல இருந்தே வேலை."

"ஊத்தலைன்னா?"

ஹம்சவேணி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"ஊத்தலைன்னாலும் வேலை இருக்கு. ஆனா அது அங்க போய், ஆபீஸ்ல உட்கார்ந்து செய்யற வேலை. லேடீஸ் ஹாஸ்டல். அவர் ஒருத்தர் சம்பளத்துல முடியல சிஸ்டர். போய்த்தான் ஆகணும். இவளை அத்தைகிட்ட விட்டுட்டு, மாசத்துக்கு ஒருதடவை வந்து பார்க்கணும்."

குழந்தைக்குப் புரிந்துவிடுமோ என்பதுபோல் கடைசி வரியை வாய்க்குள் சொன்னாள்.

"இப்ப என் கம்ப்யூட்டர்ல அந்தத் தண்ணி நகர மாட்டேங்குது. ஒரு சொட்டு வர்றதுக்குள்ள மிஷின் மூச்சு வாங்குது. அப்புறம் தானா அணைஞ்சு போகுது."

"மிஷினுக்கு வயசாச்சா?"

"ஆகல. கடையில செட்டா வாங்கினது. கணக்கு எழுத, படம் பார்க்கத்தான் அது சரி. இந்த மாதிரி வேலைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேணும். படம் வரையறதுக்குன்னே உள்ள ஒரு அட்டை இருக்கும்ல, அது."

"வாங்கலையா?"

"வாங்கிட்டேன்."

"எங்க?"

"பீரோவுல இருக்கு. பட்டுப்புடவைக்கு அடியில."

"பீரோவுக்குப் படம் நல்லா வருதா?"

ஹம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பயமா இருக்கு சிஸ்டர். கம்ப்யூட்டரைத் திறக்கணும். பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கு. அதைக் கிழிச்சா வாரண்டி போயிரும்னு அதுலயே எழுதியிருக்கு."

"வாரண்டி எப்ப முடியுது?"

"போன வருஷமே முடிஞ்சிருச்சு."

 வான்கோழி ஒன்று சிஸ்டரின் செருப்பைக் கொத்தியது.

"அப்ப எது போயிரும்னு பயப்படற?"

ஹம்சவேணி வெகுநேரம் யோசித்தாள்.

"ஸ்டிக்கர்" என்றாள்.

சிஸ்டர் தவிட்டுச் சட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

"எப்ப அனுப்பணும்?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள."

"காலையில கொண்டு வா. கம்ப்யூட்டர், கார்டு, குழந்தை."

"குழந்தையைப் பக்கத்து வீட்டுல பார்த்துக்குவாங்க சிஸ்டர். இவ வந்தா எதையாவது பிடிச்சு இழுப்பா."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

*

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை.

ஆட்டோவில் ஹம்சவேணி வந்தாள். மடியில் கம்ப்யூட்டர் பெட்டி. பெட்டிமேல் நிலானி. காலடியில் மானிட்டர், துண்டில் சுற்றியிருந்தது.

"குழந்தையைவிடப் பெட்டியைத்தான்மா கெட்டியாப் பிடிச்சுட்டு வந்தீங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"அவ விழுந்தா எந்திரிச்சுக்குவா அண்ணா. இது எந்திரிக்காது."

தையல் வகுப்பு அறையில் நீள மேசை காலியாக இருந்தது. எல்லாவற்றையும் அதன்மேல் இறக்கினாள். சிஸ்டர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கைகள் அங்கிக்குள் போயின.

"பிளக்கைப் பிடுங்கினியா?"

"பிடுங்கிட்டேன்."

"முதல்ல பெட்டியோட இரும்பைத் தொடு."

"எதுக்கு சிஸ்டர்?"

"உன் உடம்புல இருக்கிற கரண்ட் இறங்கட்டும். கார்டுக்கு ஆகாது."

"என் உடம்புல கரண்ட் இருக்கா?"

"ஊருக்கே சப்ளை பண்ணலாம்."

ஹம்சவேணி இரும்பைத் தொட்டாள். சிஸ்டர் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை. சொன்ன பிறகும் எடுக்கவில்லை.

"இறங்கிருச்சு ஹம்சா. போதும்."

ஸ்டிக்கரில் நகத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். சர்ரென்று கிழித்தாள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

எதுவும் நடக்கவில்லை. வெளியே வான்கோழிகள் கத்தின.

திருகாணிகளைக் கழற்றி ஒரு பாட்டில் மூடியில் போட்டாள். பக்கத் தகட்டை இழுத்தாள். உள்ளே தூசு, பூனை படுத்து எழுந்த மாதிரி.

"இவ்வளவுதானா உள்ள?" என்றாள்.

"என்ன இருக்கும்னு நினைச்ச?"

"தெரியல. ஏதோ பெருசா."

பழைய கார்டு தெரிந்தது. ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. அதைப் பிடித்திருந்த திருகாணியைக் கழற்றினாள். கார்டைப் பிடித்து மேலே தூக்கினாள். வரவில்லை. கொஞ்சம் பலமாகத் தூக்கினாள். பெட்டியே மேசையைவிட்டு எழும்பியது. கார்டு வரவில்லை.

"ஒட்டிக்கிச்சு சிஸ்டர்."

 அதற்குள் சிஸ்டருக்கு வேறு பிரச்சினை வந்துவிட்டது. நிலானி மேசை ஓரமாக நடந்துவந்து, அவர் இடுப்பில் தொங்கிய ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, சிஸ்டரோடது" என்று ஹம்சவேணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பிடி இறுகியது. இன்னும் இழுத்தாள். இன்னும் இறுகியது. ஜெபமாலை அறுந்துவிடும்போல் விறைத்து நின்றது.

"இழுக்காத."

சிஸ்டரின் ஒரு கை அங்கியிலிருந்து வெளியே வந்தது. அது கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. குழந்தையின் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே, அந்தக் கொழுத்த இடத்தில் மெதுவாக ஓர் அழுத்து.

நிலானியின் கை தானாக மலர்ந்தது. அவளே அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கையை நீட்டினாள்.

சிஸ்டர் கையைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

ஹம்சவேணி குழந்தையின் கையைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் குனிந்தாள். கார்டு உட்கார்ந்திருந்த பள்ளத்தின் கோடியில், தூசுக்கு அடியில், சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருந்தது.

அதை அழுத்தினாள்.

டக்.

கார்டு தானே எழும்பிக் கைக்கு வந்தது.

"அமலி!" என்று கத்தினாள். "விட்டுருச்சுடி!"

"சிஸ்டர்."

"விட்டுருச்சு சிஸ்டர்!"

அப்போது மதிய ஜெபத்துக்கு மணி அடித்தது. சிஸ்டர் எழுந்தார்.

"புது கார்டைப் பள்ளத்துக்கு நேராப் பிடி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அமுக்கு. டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும். அப்புறம் திருகாணி. மூடிட்டு, மானிட்டர் கேபிளைப் புது கார்டோட பின்பக்கம் மாட்டு. பழைய இடத்துல மாட்டாத."

"நீங்க வந்தப்புறம் செய்யறேனே."

"நான் வந்து என்ன செய்யப் போறேன்? வேடிக்கைதான் பார்க்கப் போறேன்."

போய்விட்டார்.

ஹம்சவேணி புது கார்டை உறையிலிருந்து எடுத்தாள். கறுப்பு உடம்பு. இரண்டு குட்டி விசிறிகள். அடிப்பக்கம் பொன்னிறத்தில் ஒரு கரை. ஜன்னல் வெளிச்சத்தில் அது மின்னியது.

இந்தக் கார்டு சரியாக உட்கார்ந்தால் நிலானி தன் பக்கத்தில் தூங்குவாள். உட்காராவிட்டால் அத்தை பக்கத்தில்.

சிஸ்டர் சொன்னபடியே செய்தாள். சொல்லாத ஒன்றையும் செய்தாள்.

*

சிஸ்டர் திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. கேபிள்கள் மாட்டியிருந்தன. ஹம்சவேணி சுவிட்சுக்கு நேரே விரலை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"போடு."

போட்டாள். உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது.

திரை கறுப்பாகவே இருந்தது.

பீப், என்றது பெட்டி. பீப் பீப்.

"என்ன சிஸ்டர் சொல்லுது?"

"கார்டைக் காணோங்குது."

"உள்ளதானே இருக்கு!"

"கேபிள் புது கார்டுலதானே மாட்டின?"

"ஆமா."

"டக்குன்னு சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

அணைத்துப் போட்டாள். பீப். மறுபடியும் அணைத்துப் போட்டாள். பீப் பீப்.

ஹம்சவேணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிலானி ஓடிவந்து மடியில் உட்கார்ந்தாள். உட்கார இடம் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

"கொன்னுட்டேன்" என்றாள் ஹம்சவேணி. "பீரோவுலயே இருந்திருக்கலாம். நான் தொட்டா எதுவும் உருப்படாது. இனி சென்னைதான். இவளோட துணியெல்லாம் எடுத்து வைக்கணும். பால் புட்டி எடுத்து வைக்கணும். ராத்திரி தேடுவாளே. அத்தை தூங்கினா எந்திரிக்க மாட்டாங்களே..."

சிஸ்டர் ஸ்டூலைவிட்டு இறங்கித் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் சொன்னதெல்லாம் செஞ்சியா?"

"செஞ்சேன்."

"சொல்லாததை?"

ஹம்சவேணி அழுகையை நிறுத்தினாள்.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணுமில்ல."

"ஹம்சா."

"புதுப் பொருள் சிஸ்டர். அப்படியே எப்படி வைக்கறது? பொட்டு வச்சேன்."

"யாருக்கு?"

"கார்டுக்கு."

"கார்டுக்கு எங்க?"

"அது... அடியில தங்கக் கலர்ல ஒரு கரை இருந்துச்சுல்ல. புடவைக் கரை மாதிரி. அவ்வளவு அழகா இருந்துச்சு. அங்கதான் வைக்கணும்னு தோணுச்சு."

"அந்தக் கரையிலயா?"

"ஆமா."

"ஒண்ணா?"

"வரிசையா."

சிஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார்.

முதலில் சத்தமில்லாமல்தான் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முடியவில்லை. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முக்காடு ஒருபக்கம் சரிந்தது. வெளியே வான்கோழிகள் அவரோடு சேர்ந்து கொளகொளவென்று கத்தின. அதைக் கேட்டு நிலானி சிரித்தாள். என்னவென்று தெரியாமல் ஹம்சவேணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"என்னடி அமலி? சொல்லிட்டுச் சிரி."

"அந்தக் கரை வழியாத்தான்டி அது பேசும். அதுக்கு அதுதான் வாய்."

"வாயா?"

"வாய் நிறையப் பொட்டு வச்சு அனுப்பியிருக்க. எப்படிப் பேசும்?"

ஹம்சவேணி துள்ளி எழுந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள், இரும்பைத் தொட்டாள், திருகாணியைக் கழற்றினாள், கொக்கியை அழுத்தினாள். யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கார்டு கைக்கு வந்தது.

தங்கக் கரை முழுக்கச் சிவப்பு. நிலானியின் டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து வைத்த குங்குமம். காய்ந்து அப்பியிருந்தது.

சிஸ்டர் மேசை இழுப்பறையைத் தாடையால் காட்டினார். உள்ளே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ரப்பர் ஒன்று கிடந்தது.

"அதால தேய். பென்சில் எழுத்தை அழிக்கற மாதிரி."

ஹம்சவேணி ரப்பரை எடுத்தாள். கரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

கை நின்றுவிட்டது.

"அழிக்கணுமா?"

"ஆமா."

"பொட்டையா?"

சிஸ்டர் தலையாட்டினார்.

"முடியாது சிஸ்டர்."

"ஏன்?"

"நானே வச்ச பொட்டை நானே எப்படி அழிக்கறது? அவரு மெடிக்கல் ரெப்பு. இந்நேரம் மலைப்பாதையில பைக்ல போய்ட்டிருப்பாரு. மூணாவது வளைவு, நாலாவது வளைவுன்னு போய்ட்டிருப்பாரு. நான் இங்க உட்கார்ந்து குங்குமத்தை அழிச்சேன்னா..." முடிக்கவில்லை. "நீங்க அழிங்க சிஸ்டர். உங்களுக்கு அதெல்லாம் கிடையாதுல்ல."

"கார்டு யாரோடது?"

"என்னோடது."

 ரப்பர் ஒரு கையில். கார்டு ஒரு கையில். அழித்தால் அவருக்கு என்ன ஆகுமோ. அழிக்காவிட்டால் குழந்தை அத்தை வீட்டுக்கு. ஹம்சவேணியின் கண் ரப்பருக்கும் கரைக்குமாகப் போய்வந்தது. உள்ளங்கை வியர்த்து ரப்பர் வழுக்கியது.

"என்னால முடியலடி அமலி" என்றாள், மெதுவாக.

சிஸ்டர் இந்தத் தடவை "சிஸ்டர்" என்று திருத்தவில்லை.

எழுந்து வந்தார். அவள் முன்னால் மண்டியிட்டார். கைகள் இன்னமும் அங்கிக்குள்தான் இருந்தன. தலையைப் பின்னால் சாய்த்து ஓர் உதறு உதறினார். ஏற்கெனவே சரிந்திருந்த முக்காடு பின்னுக்குப் போனது. நெற்றி வெறுமையாக, அகலமாக இருந்தது.

"அழிக்காத. எடுத்து இங்க வை."

"எங்க?"

சிஸ்டர் நெற்றியை நீட்டினார்.

"ஐயோ. சிஸ்டருங்க வைக்கலாமா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் வச்சதில்ல."

ஹம்சவேணி ரப்பரைக் கீழே வைத்தாள். விரல் நுனியால் கரையிலிருந்து சிவப்பைத் தொட்டு எடுத்தாள்.  சிஸ்டரின் புருவங்களுக்கு நடுவே வைத்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

"வை."

மறுபடி எடுத்தாள். அதன்மேலேயே வைத்தாள். மறுபடியும்.  ஒற்றி ஒற்றி எடுத்து வைக்க வைக்க, சிஸ்டரின் நெற்றியில் நாலணா அளவுக்கு ஒரு பொட்டு வளர்ந்து நின்றது. மூக்கின்மேல் கொஞ்சம் உதிர்ந்தது.

"தும்மல் வருது. சீக்கிரம்."

"ஆடாதீங்க."

நிலானி தன் நெற்றியையும் காட்டினாள். அவளுக்கும் ஒன்று.

கரையில் இப்போது மங்கலான கறைதான் இருந்தது.

ஹம்சவேணி அதைப் பார்த்தாள். ரப்பரை எடுத்தாள். யாரிடமும் கேட்காமல் தேய்த்தாள். முன்னும் பின்னும், திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும். ரப்பர் துகளைத் துணியால் துடைத்தாள். உள்ளே இருந்த பள்ளத்தைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டினாள். நேராகப் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமுக்கினாள்.

டக்.

சுவிட்ச்.

பெட்டி பீப் என்று சொல்லவில்லை. விசிறி சுற்றியது. திரை ஒருதரம் கண்சிமிட்டியது.

வெளிச்சம் வந்தது.

*

புது கார்டுக்கான சாஃப்ட்வேர் இறங்கி முடிய மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. பிறகு ஹம்சவேணி தன் சொம்பைத் திறந்தாள். பட்டனை அழுத்தினாள்.

முன்பெல்லாம் ஒரு சொட்டுக்கு மூச்சு வாங்கிய பெட்டி, இப்போது படம் படமாக வரைந்து தள்ளியது. சொம்பின் விளிம்பில் தண்ணீர் திரண்டது. வளைந்தது. விழுந்தது. விழுந்த இடத்தில் தெறித்தது. தெறித்த துளி ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஜன்னல் வெளிச்சம்.

நிலானி தன் டம்ளரைக் கொண்டுவந்து திரைக்குக் கீழே பிடித்தாள்.

கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மறுபடி பிடித்தாள்.

"பாஸ்" என்றார் சிஸ்டர்.

"யாரு சொன்னா?"

"தாகமா இருக்கிறவங்க சொன்னா போதாதா?"

பொழுது சாயும் நேரத்துக்குப் பத்து விநாடித் தண்ணீரும் முடிந்தது. ஹம்சவேணி அதை அனுப்பினாள். அனுப்பிவிட்டு போனை மேசைமேல் குப்புற வைத்தாள். நிமிர்த்தினாள். மறுபடி குப்புற வைத்தாள்.

"பதில் எப்ப வரும்?"

"கம்பெனி சார் சிஸ்டத்துலதான் இருப்பாராம். உடனே பார்க்கறேன்னாரு." முந்தானை நுனியைக் கடித்தாள். "அவர் வீட்டுக்குப் போயிருந்தார்னா?"

போன் அதிர்ந்தது.

ஹம்சவேணி எடுக்கவில்லை. "நீங்க பாருங்க" என்றாள். சிஸ்டரின் கைகள் அங்கிக்குள் இருப்பதைப் பார்த்தாள். தானே எடுத்தாள்.

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"சத்தமாப் படி."

"தண்ணி நல்லா இருக்காம்."  தொண்டையைச் செருமினாள். "திங்கட்கிழமையில இருந்து ஆரம்பிக்கச் சொல்றாரு. வீட்டுல இருந்தேவாம் அமலி. வீட்டுல இருந்தே!"

குழந்தையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். நிலானியின் டம்ளர் எங்கோ பறந்தது. சுற்றிய வேகத்தில் சிஸ்டர்மேல் போய் விழுந்தாள். சிஸ்டரின் இரண்டு கைகளும் அங்கியைவிட்டு வெளியே வந்து இருவரையும் தாங்கிக்கொண்டன. மூன்று பேர் முகத்திலும் குங்குமம்.

"இந்தக் கை என்னைத் தொடலாமா?" என்றாள் ஹம்சவேணி.

"நீ என்ன, ரிப்பேருக்கா வந்திருக்க?"

அந்த நேரம்தான் வாசலில் நிழல் விழுந்தது.

மதர் சுப்பீரியர். அந்தக் கான்வென்டுக்கே தலைவி. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தும்படி யாரும் வைத்துக்கொண்டதில்லை. சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே யாருக்கும் அது கேட்கவில்லை.

"சிஸ்டர் அமலோற்பவம்."

"மதர்."

"நெத்தியில என்ன அது?"

ஹம்சவேணி நடுவில் வந்து நின்றாள். "மதர், என் தப்புத்தான். நான்தான் கார்டுல போய்..."

மதர் கையை லேசாக உயர்த்தினார். ஹம்சவேணி வாயை மூடிக்கொண்டாள். மதரின் பார்வை சிஸ்டரின் நெற்றியைவிட்டு நகரவில்லை.

சிஸ்டர் முக்காட்டைச் சரிசெய்யவில்லை. பொட்டை மறைக்கவும் இல்லை.

"அங்க இருந்தப்ப வேலை செய்யலை மதர்" என்றார். "இங்க வந்ததும் செய்யுது."

மதர் திரையைப் பார்த்தார். தண்ணீர் சொம்பிலிருந்து ஊற்றி, முடிந்து, மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்தார். அவள் தன் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தார். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள்.

மதர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முக்காட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஹம்சவேணியிடம் நெற்றியைக் குனிந்தார்.

"ஆபீஸ் பிரிண்டர் ரொம்ப நாளா ஓடலை."